சமூகப் பணியாளர்களே நடத்திய நிறுவனங்கள்: கடைசிக் கையெழுத்து யாருடையது?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கும் ஒருவரின் கேள்வி இது. இங்கிலாந்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பராமரிப்பு ஏற்பாடு செய்யும் வேலையை, கவுன்சிலை, அதாவது உள்ளாட்சி மன்றத்தை, விட்டு வெளியே வந்த சமூகப் பணியாளர்களே சொந்தமாக நிறுவனம் அமைத்து நடத்தினார்கள் என்று வகுப்பில் ஒரு வரி வந்ததாம். அது என்ன ஏற்பாடு? நன்றாக நடந்ததா? நடந்திருந்தால் ஏன் எல்லா ஊரிலும் இல்லை? அப்படி ஓர் இடத்தில் வேலை கிடைத்தால் சேரலாமா?

நானும் இங்கிலாந்தில் இதே துறையில்தான் பல வருடங்களாக இருக்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். அரசே முன்வந்து ஏழு ஊர்களில் சோதனையாக நடத்திப் பார்த்தது. அதில் சேர்ந்த பலருக்கு வேலை பிடித்திருந்தது. ஆனால் கவுன்சிலை விட இது தெளிவாக மேல், செலவும் குறைவு என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பரவாமல் போனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் கணிப்பு இதுதான்: வேலையை வெளியே கொடுத்தார்கள், பணத்தின் மீதான முடிவைக் கொடுக்கவில்லை. சுதந்திர நிறுவனம் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஒரு முதியவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆள் அனுப்பலாம் என்ற கடைசிக் கையெழுத்து மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

இது புரிய வேண்டுமானால் கவுன்சிலுக்குள் சமூகப் பணி எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். சமூகப் பணி அங்கே அரசு வேலையாகப் பிறந்ததல்ல. 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண் நோயாளிகளின் குடும்ப நிலையை விசாரிக்கும் வேலையில் அமர்ந்தார். மருத்துவமனைச் சமூகப் பணியின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். அவரை அனுப்பியது ஒரு தொண்டு அமைப்பு. காது கேளாதவர்களுக்கான சமூகப் பணியும் வெகுகாலம் தொண்டு சங்கங்களின் கையில்தான் இருந்தது. 1948இன் தேசிய உதவிச் சட்டத்துக்குப் பிறகுகூடப் பல கவுன்சில்கள் அந்தச் சங்கங்களுக்குப் பணம் கொடுத்து அவர்களையே செய்யச் சொன்னார்கள். 1968இல் சமூக சேவைகளை ஆராய அரசு அமைத்த சீபோம் குழுவின் அறிக்கை வந்தது, 1970இல் உள்ளாட்சி சமூக சேவைகள் சட்டம் வந்தது, அடுத்த வருடமே ஒவ்வொரு பெரிய கவுன்சிலிலும் தனித்துறை உருவானது. ஆகவே கவுன்சிலுக்கு வெளியே சமூகப் பணி என்றால் அது 2010இல் யாரோ கண்டுபிடித்த புதுமை என்று நினைக்க வேண்டாம்.

1990இல் இன்னொரு சட்டம் வந்து 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேசிய சுகாதார சேவை மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டம். அதுவரை ஒரு குடும்பத்தோடு கூடவே இருந்து உதவிய சமூகப் பணியாளர், அதற்குப் பிறகு "கேர் மேனேஜர்" ஆனார். தேவையை மதிப்பிடு, ஒரு கம்பெனியிடமிருந்து பராமரிப்பை வாங்கிக் கொடு, ஒழுங்காகப் போய்ச்சேர்கிறதா பார், கோப்பை மூடு, அடுத்த ஆளுக்குப் போ. இதில் நல்லதும் இருந்தது. முதியவர்களைக் கொண்டுபோய் இல்லத்தில் தள்ளாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் வழிகள் பெருகின. ஆனால் வேலையின் குணமே மாறிவிட்டது. ஆட்களோடு பேசும் நேரம் குறைந்து கணினியில் படிவம் நிரப்பும் நேரம் கூடியது. "இதற்காகவா படித்தோம்" என்ற புலம்பலை இங்குள்ள எந்த அலுவலகத்திலும் கேட்கலாம்.

அந்தப் புலம்பலுக்கு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் விடை சொன்னார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் ஜூலியன் லெ கிராண்ட், முன்பு பிரதமர் டோனி பிளேருக்கு ஆலோசகராக இருந்தவர். 2007இல் அவர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அது அரசின் பராமரிப்பில் வளரும் குழந்தைகளைப் பற்றியது. அந்தக் குழந்தைகளுக்குச் சமூகப் பணியாளர் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தார். குடும்ப மருத்துவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிளினிக் நடத்துவது போல, சமூகப் பணியாளர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து தங்கள் நிறுவனத்தைத் தாங்களே நடத்தட்டும், கவுன்சில் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கட்டும் என்றது அறிக்கை. சொந்த நிறுவனம் என்றால் ஆட்கள் நிலைத்திருப்பார்கள், முடிவு சீக்கிரம் வரும், குழந்தைக்குத் தெரிந்த முகம் கூடவே இருக்கும் என்பது வாதம். அதைச் சோதிக்க 2008இல் ஒரு சட்டமும் வந்தது.

2010 மே மாதம் ஆட்சி மாறியது. கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு. அரசு ஊழியர்களே தங்கள் பிரிவைப் பிரித்தெடுத்துக் கூட்டுறவு போல நடத்தலாம் என்பதில் அந்த அரசுக்கு ஆர்வம் அதிகம். நவம்பரில் வயது வந்தோர் பராமரிப்புக்கான கொள்கை அறிக்கை வந்தது, அப்போது அந்தத் துறையின் அமைச்சர் பால் பர்ஸ்டோ. குழந்தைகளுக்குச் செய்த சோதனையைப் பெரியவர்களுக்கும் செய்வோம் என்று ஏழு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: பர்மிங்காம், லண்டனின் லாம்பெத், வடகிழக்கு லிங்கன்ஷயர், ஷ்ராப்ஷயர், ஸ்டோக் ஆன் டிரென்ட், சஃபக், சர்ரே. கவுன்சிலின் சட்டக் கடமையை வெளியாள் செய்ய 2011இல் தனி ஆணை ஒன்றும் பிறப்பித்தார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜின் ஆய்வுக்குழு இதை மதிப்பீடு செய்தது.

ஏழு என்றதும் ஒரே அச்சில் வார்த்த ஏழு நிறுவனங்கள் என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சில இடங்களில் பார்வைக் குறைபாடோ செவிக் குறைபாடோ உள்ளவர்களுக்கான சிறு குழு மட்டும். சில இடங்களில் கவுன்சிலை விட்டு உண்மையாகவே பிரிந்து தனிக் கம்பெனி ஆனார்கள். சிலர் வாசல்படி தாண்டியதாகவே சொல்ல முடியாது. அதனால் "அந்தச் சோதனை வென்றதா தோற்றதா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த ஊர் என்று கேட்க வேண்டும்.

இரண்டு ஊர்களை மட்டும் பார்ப்போம்.

ஷ்ராப்ஷயர் வேல்ஸ் எல்லையில் இருக்கும் கிராமப்புற மாவட்டம். வயலும் மலையும்தான், பஸ் குறைவு, வயதானவர்கள் அதிகம். அங்கே "பீப்பிள் டு பீப்பிள்" என்ற நிறுவனம் 2012இல் தொடங்கியது. கம்யூனிட்டி இன்ட்ரஸ்ட் கம்பெனி என்ற வகை அது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய வடிவம். கம்பெனிதான், ஆனால் லாபத்தைப் பங்கு போடக் கட்டுப்பாடு உண்டு, இழுத்து மூடினாலும் சொத்தை நடத்தியவர்கள் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. இவர்கள் செய்த நல்ல காரியம், வீட்டுக்கு வந்து மதிப்பிடும் வரை ஆட்களை வாரக்கணக்கில் காக்க வைக்காமல், ஊருக்குள்ளேயே ஒரு பொது இடத்தில் உட்கார்ந்து, நேரம் குறித்து அவர்களை வரச்சொல்லிப் பேசியது. "லெட்ஸ் டாக் லோக்கல்" என்று பெயர்.

கேட்க எளிதாகத் தெரிகிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். வழக்கமான முறையில் மகள் கவுன்சிலுக்குப் போன் பண்ணுவார். கால் சென்டரில் ஒருவர் எழுதிக்கொள்வார். அது ஒரு வரிசையில் போய் நிற்கும். முறை வரும்போது அந்த அப்பா ஒருமுறை குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரிக்கே போய் வந்திருப்பார். அதே அப்பா பக்கத்து மண்டபத்துக்கு மகளோடு வந்து உட்கார்ந்தால், அவர் நாற்காலியிலிருந்து எழும்போதே எங்கே கை ஊன்றுகிறார் என்று பார்த்துவிடலாம். குளியலறைக்கு ஒரு கைப்பிடி, உயரமான டாய்லெட் சீட், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முதியோர் கூடும் இடம் என்று அன்றைக்கே பேசி முடிக்க முடிகிற ஆட்கள் நிறையப் பேர். எல்லாருக்கும் தினமும் ஆள் வந்து பார்க்கும் ஏற்பாடு தேவைப்படுவதில்லை.

அந்த நிறுவனம் சில ஆண்டுகளில் கவுன்சிலுக்குள்ளேயே திரும்பிவிட்டது. ஆனால் அந்தச் சந்திப்பு முறையைக் கவுன்சில் விடவில்லை, தானே தொடர்ந்து நடத்தியது. இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வெளியே போன குழு ஒரு நல்ல முறையைக் கண்டுபிடித்து, அதைக் கையோடு உள்ளே கொண்டுவந்திருக்கிறது. அதே முறையைக் கவுன்சிலுக்குள் இருந்தபடியே தொடங்க முயன்றிருந்தால் எத்தனை கமிட்டி தாண்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது, வடகிழக்கு லிங்கன்ஷயர். கிரிம்ஸ்பி துறைமுகம் இருக்கும் பகுதி, மீன்பிடித் தொழில் நொடிந்த பிறகு வறுமை அதிகம். இங்கே கதை வேறு. 2007லேயே கவுன்சில் தன் பெரியவர்கள் பராமரிப்பு வேலையைச் சுகாதார சேவையோடு இணைந்த ஓர் அமைப்பிடம் ஒப்படைத்திருந்தது. ஆகவே "கவுன்சிலுக்கு வெளியே" என்பது அந்த ஊருக்குப் பழகிய விஷயம். 2013இல் சமூகப் பணியாளர்கள் "ஃபோகஸ்" என்ற கம்யூனிட்டி இன்ட்ரஸ்ட் கம்பெனியாகப் பிரிந்தார்கள். ஒரு சிறு குழு அல்ல, அந்தப் பகுதியின் பெரியவர்களுக்கான சமூகப் பணியே அதற்குள் போனது. அது பல ஆண்டுகள் நின்றது. ஏன் இங்கே நின்றது என்பதற்கு என் ஊகம்: சோதனை முடிந்தால் திரும்பிப் போக ஒரு பழைய துறை கவுன்சிலுக்குள் காத்திருக்கவில்லை. மற்ற ஊர்களில் திரும்பும் கதவு திறந்தே இருந்தது. பண நெருக்கடி வந்ததும் கவுன்சில் அந்தக் கதவைக் காட்டுவது சுலபம்.

இப்போது கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கிட்டத்தில் நின்று பார்க்காவிட்டால் புரியாது.

நான் வேலை பார்த்த ஒரு கவுன்சிலில் வாரம் ஒருநாள் "பேனல்" கூடும். எல்லாக் கவுன்சிலிலும் ஏதோ ஒரு பெயரில் இது உண்டு. மேலாளர்கள் மூன்று நான்கு பேர், ஒரு பெரிய பட்டியல். பக்கவாதம் வந்த ஒருவருக்குக் காலை, மதியம், இரவு மூன்று வேளை ஆள் வேண்டும் என்று நான் எழுதியிருப்பேன். அவரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து, மனைவியிடம் தனியாகப் பேசி, பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு எழுதியது. பேனலில் அதற்கு ஐந்து நிமிடம். மதிய வேளைக்கு ஆள் எதற்கு, காலையில் வருபவர் சாண்ட்விச் செய்து வைத்துவிட்டுப் போகலாமே, மனைவி இருக்கிறாரே, அலாரம் மாட்டிப் பார்த்தீர்களா என்று ஒரு வரி எழுதித் திரும்பி வரும். அடுத்த வாரம் மறுபடி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வாரமும் மதியம் அவரைத் தூக்கி டாய்லெட்டுக்குக் கொண்டுபோவது எழுபது தாண்டிய மனைவி. பேனலில் இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் தலைக்கு மேலே பட்ஜெட். 2010க்குப் பிறகு மத்திய அரசு கவுன்சில்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டிக்கொண்டே வந்தது.

சரி, இந்தச் சமூகப் பணியாளர் கவுன்சிலை விட்டு வெளியே வந்து தன் நிறுவனத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளை என்று எழுதுகிறார். அந்தக் காகிதம் எங்கே போகும்? பராமரிப்புக்கான பணத்தைக் கவுன்சில் தன்னிடமே வைத்திருக்கும் ஊரில் அதே பேனலுக்குத்தான். முன்பு மாடிப்படி ஏறிப்போய் மேலாளரிடம் விளக்கலாம், இப்போது அந்த வசதியும் இல்லை. அடுப்படியை மருமகளிடம் கொடுத்துவிட்டு மளிகை அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் மாமியாரைப் போல, கவுன்சில் பட்ஜெட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

கவுன்சிலை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. சட்டமே அப்படி. 2014இன் கேர் ஆக்ட், 79ஆம் பிரிவு, கவுன்சில் தன் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம் என்கிறது. சோதனைக்காகப் போட்ட தற்காலிக ஏற்பாட்டை 2015 ஏப்ரலில் இருந்து எல்லா ஊருக்கும் நிரந்தரமாக்கியது இந்தப் பிரிவுதான். ஆனால் சிலவற்றை ஒப்படைக்க முடியாது என்றும் சொல்கிறது. கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் அதில் ஒன்று. இங்கே பராமரிப்பு இலவசம் அல்ல, 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு வைத்திருப்பவர் பொதுவாக முழுச் செலவையும் தானே ஏற்க வேண்டும். இன்னொன்று, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறவர்களைப் பாதுகாக்கும் கடமை. மூன்றாவதாக, சுகாதார சேவையோடு ஒத்துழைத்து இணைந்து செயல்படும் கடமை. ஒப்படைத்த வேலையில் தவறு நடந்தாலும் அது கவுன்சில் செய்த தவறாகவே கணக்கு. குறைதீர்ப்பு ஆணையரிடம் புகார் போனால் பதில் சொல்ல வேண்டியது கவுன்சில்.

பழி தன் தலையில் விழும் என்றால் யார் சாவியைக் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேடாமல் "புரட்சி" என்று தொடங்கியதுதான் அடிப்படைக் கோளாறு.

லெ கிராண்ட் சொன்ன குடும்ப மருத்துவர் உதாரணத்தையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே குடும்ப மருத்துவர்கள் அரசு ஊழியர்களாகச் சேரவில்லை, ஒப்பந்தக்காரர்களாகத்தான் சேர்ந்தார்கள். அது நிலைத்ததற்குக் காரணம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒப்பந்தம், பதிவு செய்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரும் பணம், மருந்துச் சீட்டில் தானே கையெழுத்துப் போடும் உரிமை. சமூகப் பணி நிறுவனத்துக்கு மூன்றும் இல்லை. ஒரே ஒரு வாடிக்கையாளர், அது கவுன்சில். ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு மட்டும். அது முடிந்தால் டெண்டர். 2015இல் வந்த கொள்முதல் விதிகள் ஊழியர் நடத்தும் இத்தகைய நிறுவனங்களுக்கு மட்டும் டெண்டரை ஒதுக்க வழி செய்தன, ஆனால் அந்த விதிகளில் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான் இருந்தது. அப்புறம் யார் வேண்டுமானாலும் வரலாம். நாளை ஒரு பெரிய தனியார் கம்பெனி குறைந்த விலைக்குக் கேட்டால் என்ன செய்வது?

அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. சோதனை தொடங்கிய அதே 2011இல்தான் சதர்ன் கிராஸ் என்ற கம்பெனி சரிந்தது. 750 அளவில் முதியோர் இல்லங்கள், 31,000 பேர் அளவில் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வாடகை கட்ட முடியாமல் கம்பெனி விழுந்தபோது நாடே பதறியது. அந்தச் சூழ்நிலையில் தொழிற்சங்கங்கள் இந்தச் சோதனையையும் தனியார்மயத்தின் முதல்படி என்று எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. நானும் சங்க உறுப்பினன்தான். ஊழியர்களே நடத்தும், லாபம் பிரிக்க முடியாத ஒரு நிறுவனத்தையும் பங்குச்சந்தைக் கம்பெனியையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஆனால் முதல் ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்று சங்கம் கேட்டதற்கு யாரும் உறுதியான பதில் சொல்லவில்லை.

ஊழியர் தயங்கியதற்கு இன்னும் சாதாரணக் காரணங்களும் உண்டு. கவுன்சில் ஓய்வூதியத் திட்டம் நல்ல திட்டம். புதிய கம்பெனியும் அதில் சேரலாம், ஆனால் அதற்குப் பாக்கி வந்தால் யார் பொறுப்பு என்று உத்தரவாதம் கொடுக்க வேண்டும். சின்னக் கம்பெனியால் அது சுலபமல்ல. வேலை மாற்றப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே இருப்பவர்களின் சம்பளத்தையும் விடுப்பையும் காப்பாற்றும், புதிதாகச் சேர்பவருக்கு அது பொருந்தாது. வாட் என்ற மதிப்புக் கூட்டு வரியும் ஒரு பிரச்சினை. கவுன்சில் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வாட்டைத் திரும்பப் பெற முடியும், வெளியே வந்த கம்பெனியால் பல சமயம் முடியாது. 2011 ஜனவரியில் வாட் 20 சதவீதம் ஆகியிருந்தது. அதே வேலைக்கு அதே பணம் கொடுத்தாலே கையில் குறைவாகத்தான் நிற்கும். கணினி, சட்ட ஆலோசனை, சம்பளப் பட்டுவாடா, கட்டடம் எல்லாவற்றுக்கும் கவுன்சிலிடமே திரும்பப் போய் நிற்க வேண்டியிருந்தால், சுதந்திரம் என்பது எவ்வளவு மிச்சம் இருக்கும்?

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இந்த யோசனையைக் கைகழுவவில்லை. சிறு குழுவுக்கு ஒரு பலம் உண்டு, அது ஆட்களிடம் போய்ச்சேருகிறது. ஓர் உதாரணம். லண்டன் புறநகரில் தனியாக வாழும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, எண்பது தாண்டியவர். கேர் ஆக்ட் விதிகளில் பத்து விஷயங்கள் இருக்கின்றன. அதில் குறைந்தது இரண்டைத் தன்னால் செய்துகொள்ள முடியவில்லை, அதனால் வாழ்க்கை பெரிதாகப் பாதிக்கப்படுகிறது என்றால் அவருக்கு உதவி பெறத் தகுதி. முதல் விஷயமே சாப்பாடு. "சமைக்க ஏலுமோ அம்மா?" என்று கேட்டால் "ஏன் ஏலாது, எல்லாம் நானே செய்வன்" என்று சொல்லிவிட்டு உங்களுக்கே தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். வந்தவரைச் சும்மா அனுப்புவது அவருக்குப் பழக்கமில்லை. படிவத்தில் "முடியும்" என்று குறித்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது.

அதே ஆள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போனால்தான் கேத்தலைத் தூக்கும்போது இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடிப்பது தெரியும். அரிசி பானையைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் பாணும் (பிரெட்) பிஸ்கட்டும்தான் சாப்பிடுகிறார் என்று அவர் வாயாலேயே வரும். சட்டப்படி, ஒரு காரியத்தைச் செய்ய முடிந்தாலும் வலியோடோ ஆபத்தோடோ மிக அதிக நேரம் எடுத்தோதான் முடிகிறது என்றால், அது முடியாததாகவே கணக்கு. நல்ல விதி அது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அதே முகம் திரும்பிப் போக வேண்டும். வாராவாரம் ஆள் மாறும் பெரிய அலுவலகத்தில் அது நடப்பது கடினம். சிறு குழுவில் எல்லாருக்கும் அந்த அம்மாவைத் தெரிந்திருக்கும். இதற்காகத்தான் நான் இந்த முயற்சியை மதிக்கிறேன்.

இதற்குக் கவுன்சிலை விட்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டுமா என்றால், அவசியமில்லை என்பேன். என் துறைக்குள்ளேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. மனநலச் சட்டத்தின்படி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று பார்க்கும் அங்கீகரிக்கப்பட்ட மனநலப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சமூகப் பணியாளர்கள். கவுன்சில் சார்பாக வேலை செய்பவர்கள், சம்பளமும் பெரும்பாலும் கவுன்சில்தான். ஆனால் சேர்க்க விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று அவருடைய மேலாளர்கூட உத்தரவிட முடியாது. இரண்டு மருத்துவர்கள் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவர் "வேண்டாம், வேறு வழி இருக்கிறது" என்று சொல்லலாம். 1983ஆம் ஆண்டுச் சட்டம் சமூகப் பணியாளருக்குக் கொடுத்த சுதந்திரம் அது, 2008 முதல் வேறு சில தொழிலினருக்கும் விரிந்தது. தனிக் கம்பெனி இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கையெழுத்து அவருடையது, அவ்வளவுதான். அந்த வேலையில் இருப்பவர்கள் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் தங்கள் முடிவு தங்களுடையது இல்லை என்று அவர்கள் சொல்லிக் கேட்டதில்லை.

மறுபக்கம், தனி ஆளாக வெளியே போனவர்கள் ஏராளம். 2014 மார்ச்சில் செஷயர் வெஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடர்ந்த கண்காணிப்பில் இருந்து, வெளியே போக அனுமதி இல்லாத, சம்மதம் சொல்லும் மனத்திறன் இல்லாத ஒருவர் சுதந்திரம் பறிக்கப்பட்டவரே, அவர் அங்கே சந்தோஷமாக இருந்தாலும் சரி என்றது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்து வரும் விண்ணப்பங்கள் ஒரே வருடத்தில் 13,000 அளவிலிருந்து 1,37,000 அளவுக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் தகுதி பெற்ற ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். கவுன்சில்களிடம் ஆள் இல்லை. சமூகப் பணியாளர்கள் ஒரு மதிப்பீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தனியாகச் செய்யத் தொடங்கினார்கள். வருமானம் பரவாயில்லை, நேரமும் கையில். ஆனால் பார்த்து, எழுதி, அனுப்பிவிட்டால் உறவு முடிந்தது. யாரையும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. லெ கிராண்ட் கனவு கண்ட சுதந்திரம் இது இல்லை.

உங்கள் கடைசிக் கேள்வி, வேலைக்குச் சேரலாமா என்பது. எங்கே சேர்ந்தாலும் முதலில் சோஷியல் வொர்க் இங்கிலாந்து அமைப்பில் பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் அந்தப் பட்டத்தையே போட்டுக்கொள்ளக் கூடாது, சட்டப்படி குற்றம். இந்தியப் பட்டத்தை அவர்கள் தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள், களப்பணி எத்தனை நாள், யார் மேற்பார்வை என்று விவரம் கேட்பார்கள். அதனால் களப்பணிப் பதிவேடுகளை இப்போதே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலுக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனம் கூப்பிட்டால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள். கவுன்சிலோடு ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம் பாக்கி, அது முடிந்தால் ஊழியர்கள் எங்கே போவார்கள்? ஓய்வூதியம் கவுன்சில் திட்டமா வேறா? நிறுவனமே பராமரிப்பு ஆட்களையும் அனுப்புகிறதா? அப்படியானால் தேவையை மதிப்பிடுபவரும் அதை விற்பவரும் ஒரே இடம், உங்கள் முடிவின் மீது அழுத்தம் வரலாம். விசா ஸ்பான்சர் அவர்களே என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் உங்கள் விசாவும் ஆட்டம் காணும், அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், "வாரத்துக்கு இத்தனை பவுண்டு வரை பேனலுக்குப் போகாமல் நானே முடிவு செய்யலாமா, எவ்வளவு வரை?" என்று கேளுங்கள். ஒரு தொகையைச் சொன்னால் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எதிரில் இருப்பவர் நிறுவனத்தின் சுதந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு தொகையைச் சொல்லவில்லை என்றால், அதைவிடப் பக்கத்து ஊர்க் கவுன்சில் வேலையை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஓய்வூதியமாவது உறுதி.